பூப்பந்து விளையாடும் மூத்தோரே, முதலில் கால்களைப் பலப்படுத்துங்கள்

வாரத்தில் ஓரிரு நாள் சமூக மன்றத்திலோ புளோக்கின் அருகிலுள்ள ஆடுகளத்திலோ நீங்கள் பூப்பந்து விளையாடுகிறீர்களா? தொடர்ந்து விளையாடுங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது நல்ல பயிற்சி. நண்பர்களுடன் பேசிச் சிரித்து விளையாடுவது மனத்துக்கும் நல்லது.

ஆனால், “நான்தான் விளையாடுகிறேனே, வேறு உடற்பயிற்சி எதற்கு?” என்று இருந்துவிடாதீர்கள். ஆடுகளத்தில் சட்டென்று நகரவும் நிற்கவும் திரும்பவும் வலுவான கால்கள் வேண்டும். விளையாட்டு மட்டும் அந்த வலுவைத் தராது. அதற்குத் தனிப் பயிற்சி தேவை. 60, 70 வயதைக் கடந்தவர்களும் தசைகளை வலுவாக்க முடியும். வீட்டில் ஓர் உறுதியான நாற்காலியும் சுவரும் இருந்தால் போதும்.

வயதாகும்போது என்ன மாறுகிறது?

30 வயதுக்குப் பிறகு தசைகள் மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றன. 60 வயதுக்குப் பிறகு அது வேகமாக நடக்கிறது. குறிப்பாக, விரைவான அசைவுக்கு உதவும் தசை நார்கள் அதிகம் மெலிகின்றன. பூப்பந்துக்கு மிகவும் தேவைப்படுபவை அவைதான்.

வலைக்கு அருகில் விழும் பந்தை எடுக்க ஒரு காலை முன்னே நீட்டி வைக்கிறீர்கள். அப்போது உடலின் எடையைத் தாங்கி நிறுத்துவது முன்தொடைத் தசை. அது வலுவிழந்திருந்தால் முழங்காலில் சுமை கூடும். நிலைதடுமாறி விழவும் நேரலாம். தலைக்கு மேலே வரும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி நகரும்போதும் சமநிலை தவறுவது எளிது.

இளம் வயதில் விழுந்தால் எழுந்து தூசியைத் தட்டிவிட்டுப் போகலாம். எலும்பு மெலிந்த வயதில் அப்படியில்லை. மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதன் பிறகு பலரால் முன்போல் நடக்க முடிவதில்லை.

உங்கள் கால் வலுவை நீங்களே சோதியுங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

65 முதல் 69 வயதுள்ள ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் பெண்கள் 11 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், கால் வலு சராசரியைவிடக் குறைவு என்று பொருள். அதை உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சில வாரங்கள் கால்களைப் பலப்படுத்திய பிறகு, வேகமான ஆட்டத்துக்குத் திரும்பலாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகள்

இவற்றை வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் 10 முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, மீண்டும் 10 முறை செய்யுங்கள்.

1. நாற்காலியிலிருந்து எழுதல்: கைகளை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் வரை மெதுவாக அமருங்கள். தொப்பென்று உட்காராதீர்கள். மெதுவாக இறங்குவதுதான் முன்தொடைக்கு நல்ல பயிற்சி.

2. குதிகால் உயர்த்துதல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். இது கெண்டைக்கால் தசையையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணையும் பலப்படுத்தும். ஆட்டத்தின்போது அந்த நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

3. முன்னே எட்டு வைத்தல்: ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பழைய நிலைக்குத் திரும்புங்கள். முழங்கால் உள்நோக்கிச் சாயக்கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் சிறிய எட்டாக வைக்கவும்.

4. ஒற்றைக்காலில் நிற்றல்: சமையலறை மேடையருகே ஒவ்வொரு காலிலும் 10 விநாடிகள் இரண்டு முறை நில்லுங்கள். பழகிய பிறகு, ஒரு கையால் மேடையைத் தொட்டபடி மறுகையை மேலே உயர்த்தி, பந்தைப் பார்ப்பதுபோல் அதைப் பாருங்கள். பார்வை மாறும்போதும் சமநிலை காக்க உடல் பழகும். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும்.

5. சுவரைத் தள்ளுதல்: சுவரிலிருந்து ஒரு கை தொலைவில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் பதியுங்கள். முழங்கைகளை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, திரும்பத் தள்ளுங்கள். தோளுக்கும் கைக்கும் இது நல்லது.

கடைசி இரண்டு முறையும் சற்றுக் கடினமாக இருக்கவேண்டும், ஆனால் வலிக்கக்கூடாது. மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். 10 முறை எளிதாகிவிட்டால் 12, 15 என்று கூட்டுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். பொறுமையாகத் தொடருங்கள்.

உணவிலும் கவனம் தேவை. இட்லி, தோசை, சட்னியில் மட்டும் தசை வளரப் போதிய புரதம் கிடைக்காது. சாம்பாரில் பருப்பைக் கூட்டுங்கள். முட்டை, மீன், தயிர், தவ்வு, சுண்டல் ஆகியவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு வேளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

விளையாடும் நாளில்

• முதல் 10 நிமிடங்களுக்கு உடலைச் சூடுபடுத்துங்கள்: நடை, பக்கவாட்டு எட்டுகள், தோள் சுழற்சி. பிறகு மெதுவாகப் பந்தை அடித்துப் பழகுங்கள்.

• பூப்பந்துக் காலணி அணியுங்கள். ஓட்டக் காலணியின் தடித்த அடிப்பாகத்தால், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் சுளுக்கலாம்.

• தரையில் வியர்வையோ மழைநீரோ இருந்தால் துடைத்த பிறகே ஆடுங்கள்.

• தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.

• இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் சாப்பிடாமல் விளையாடவேண்டாம். பையில் மிட்டாயோ இனிப்புப் பானமோ வைத்திருங்கள். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி ஆகியவை இரத்தச் சர்க்கரை குறைவதன் அறிகுறிகள்.

• எட்டாத பந்தை விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி போனால் போகட்டும். அடுத்த வாரமும் நீங்கள் விளையாட வரவேண்டும்.

எப்போது உடனே நிறுத்தவேண்டும்?

நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விளையாட்டை நிறுத்தி, உடனே 995ஐ அழையுங்கள். “வாயுவாக இருக்கும்” என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் சுரீரென்று வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். நடக்க முயலாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தொடங்கும் முன்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி உள்ளவர்களும், நெடுங்காலம் விளையாடாமல் இருந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்து, தங்கள் குடும்ப மருத்துவருடன் உடற்பயிற்சி பற்றிக் கலந்துபேசலாம். தனியாகச் செய்யத் தயங்குபவர்கள், அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் மூத்தோருக்கான உடற்பயிற்சி வகுப்புகள் பற்றி விசாரிக்கலாம்.

மூத்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும். அதில் பூப்பந்தும் அடங்கும். அத்துடன், தசைவலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும். இன்று தொலைக்காட்சி பார்க்கும்போதே நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து அமருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.