எந்த மருந்துக்கு முதலிடம்? எக்ஸெல் தரும் பதில்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பை வீட்டுக் கணக்கு எழுத மட்டுமே பயன்படுத்துகின்றனர். "இந்த நோய்க்கு இந்த மருந்துதான் நம்பர் ஒன்" என்று வரும் செய்திகளை எந்த அளவு நம்பலாம் என்று சோதிக்கவும் அது உதவும். எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

பட்டியல் எப்படி உருவாகிறது?

ஒரே நோய்க்குப் பல மருந்துகள் இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு யாரும் சோதிப்பதில்லை. கிரிக்கெட்டில் நேரில் மோதாத இரு அணிகளை, இருவரும் ஆடிய மூன்றாவது அணியை வைத்து ஒப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல நேரடி, மறைமுக ஒப்பீடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். (இதற்கும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கிற்கும் தொடர்பில்லை.) கணக்கின் முடிவில் மருந்துகளுக்கு ரேங்க் கிடைக்கும். ஆனால் அந்த ரேங்க் எவ்வளவு உறுதியானது என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஓர் உண்மையான உதாரணம்

2018-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி குழுவினர் மனச்சோர்வுக்கான 21 மருந்துகளை ஒப்பிட்டனர். மொத்தம் 522 சோதனைகள், 1,16,477 பேர். மருந்தில்லாத வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்ட பலன் அளவில் (1 என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள்) அமிட்ரிப்டிலின் 2.13 பெற்று முதலிடம் பிடித்தது. மிர்டாசபின் 1.89, டுலாக்செடின் 1.85 எனத் தொடர்ந்தன.

இப்போது உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லைகளைப் பாருங்கள். அமிட்ரிப்டிலின் 1.89 முதல் 2.41 வரை, மிர்டாசபின் 1.64 முதல் 2.20 வரை, டுலாக்செடின் 1.66 முதல் 2.07 வரை. மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு இடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று கற்பனை மாத்திரைகளை எடுத்துக் கொள்வோம். வலியைக் குறைக்கும் அளவு:

* சிவப்பு: 12, பிழை அளவு 4 (சிலரிடம் மட்டுமே சோதிக்கப்பட்டது)
* பச்சை: 11, பிழை அளவு 1
* நீலம்: 9, பிழை அளவு 1

1. எக்ஸெல்லில் ஏ1 செல்லில் கர்சரை வைத்து, பார்முலா பாருக்கு அருகில் உள்ள எப்எக்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். ஸ்டாடிஸ்டிகல் பிரிவில் நார்ம்.இன்வ் பங்ஷனைத் தேர்ந்தெடுக்கவும்.

2. முதல் கட்டத்தில் ரேண்ட் பங்ஷனின் பெயரை டைப் செய்து, அதன் பின் காலியான அடைப்புக்குறி () இடவும். அடுத்த கட்டங்களில் 12, 4 தந்து ஓகே கொடுக்கவும். இதே போல் பி1-ல் 11, 1 எனவும் சி1-ல் 9, 1 எனவும் தரவும்.

3. டி1-ல் ரேங்க்.ஈக்யூ பங்ஷனைத் தேர்ந்தெடுத்து, முதல் கட்டத்தில் ஏ1 எனவும் இரண்டாவதில் ஏ1:சி1 எனவும் தரவும். இது சிவப்பின் ரேங்க். இ1-ல் பி1-க்கும், எப்1-ல் சி1-க்கும் இதையே செய்திடவும்.

4. இடது மேல் மூலையில் உள்ள நேம் பாக்ஸில் ஏ1:எப்1000 என டைப் செய்து என்டர் தட்டவும். பின் கண்ட்ரோல் + டி அழுத்தவும். ஆயிரம் போட்டிகள் நடந்து முடிந்திருக்கும்!

5. எச்1-ல் கவுண்ட்இப் பங்ஷன் மூலம் டி1:டி1000-ல் 1 எத்தனை முறை வந்துள்ளது என எண்ணவும். எச்2, எச்3-ல் இதே போல் 2, 3 ஆகியவற்றை எண்ணவும்.

எப்9 கீயை அழுத்தினால் ஆயிரம் போட்டிகளும் புதிதாக நடக்கும். எண்கள் சற்று மாறினாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இந்த பங்ஷன்கள் உள்ளன.

விடை என்ன சொல்கிறது?

சிவப்பு மாத்திரை 100-க்குச் சுமார் 59 முறை முதலிடம் பெறும். அதே மாத்திரை சுமார் 23 முறை கடைசி இடத்துக்கும் போகும்! இ வரிசையிலும் இதே போல் எண்ணினால், பச்சை 38 முறைதான் முதலிடம் பெறும்; ஆனால் கடைசி இடத்துக்கு 6 முறை மட்டுமே செல்லும். "நம்பர் ஒன்" என்ற தலைப்பு இதை மறைத்துவிடுகிறது.

முதலிடத்தை மட்டும் பார்க்காமல் எல்லா இடங்களையும் சேர்த்து மதிப்பிட, 2011-ல் ஜார்ஜியா சலாந்தி, ஏட்ஸ், அயோனிடிஸ் ஆகியோர் சுக்ரா என்ற அளவை முன்வைத்தனர். நம் மூன்று மாத்திரைகளுக்கு இது எளிது. முதலிட எண்ணிக்கையுடன் இரண்டாமிட எண்ணிக்கையில் பாதியைக் கூட்டி, ஆயிரத்தால் வகுக்கவும். சிவப்புக்கு ஏறத்தாழ 68%, பச்சைக்கு 66% வரும். ஏறக்குறைய சமம்! ஆனால் சுக்ராவும் பிழை அளவைத் தனியாகக் காட்டுவதில்லை. எனவே எல்லைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உண்மையான ஆய்வில் மருந்துகளின் அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் கணக்கு இன்னும் சிக்கலானது. இது கற்றுக்கொள்ள ஒரு மாதிரி மட்டுமே.

செய்தி படிக்கும்போது கவனிக்க

* முதல் இரண்டு மருந்துகளின் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றனவா?
* எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது?
* எதில் முதலிடம்? மேலே சொன்ன ஆய்வில், வெற்று மாத்திரையைவிடக் குறைவானவர்கள் பாதியில் நிறுத்தியது அகோமெலட்டின், ஃபுளூவாக்ஸெடின் என்ற இரு மருந்துகளில் மட்டுமே. பலனில் முதலிடம் பெற்ற மருந்து இதில் இல்லை.

பட்டியலில் பத்தாவது இடத்தில் உள்ள மருந்து உங்கள் வீட்டில் ஒருவருக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம். ரேங்க்கைப் பார்த்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். பட்டியலை எடுத்துச் சென்று டாக்டரிடம் கேளுங்கள்.