பத்து ஊர் போன இடத்தில் ஓர் ஓடை

காஷ்மீரில் டாச்சிகாம் என்றால் ‘பத்து ஊர்’ என்று பொருள் சொல்கிறார்கள். இன்று உள்ளே ஓர் ஊர்கூட இல்லை. ஸ்ரீநகருக்குச் சுத்தமான குடிநீர் வேண்டும் என்று 1910-ல் மகாராஜா அரசு இந்தப் பள்ளத்தாக்கைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த ஊர்கள் இடம்பெயர்க்கப்பட்டன. மன்னருக்கு வேட்டைக் காடும் கிடைத்தது. காக்க நினைத்தது தண்ணீரை, பிழைத்துக்கொண்டது மான்.

அந்தத் தண்ணீரின் பெயர் டக்வான். ஆறு என்று சொல்ல வாய் வராது, ஓடைதான். உயரே மார்சர் ஏரியில் பிறந்து, 141 சதுர கி.மீ. தேசியப் பூங்காவின் நடுவே உருண்டைக் கற்களில் நுரைத்து இறங்கி, ஹர்வான் நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. ஸ்ரீநகர்க் குழாய்களில் ஒரு பகுதிக்கு வருவது இந்த நீர்தான்.

கரையோரம் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மைனாவைவிடச் சற்றே சிறிய ஒரு பழுப்புப் பறவை கல்லில் நின்று தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி எழுப்பும். திடீரென்று நீருக்குள் இறங்கி, அடியில் நடந்து புழு பொறுக்கும். டிப்பர் என்று பெயர். அதே நீரில் நீந்தும் பழுப்பு டிரவுட் மீன், பிரிட்டிஷ்காரர் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டது. கோடையில் மல்பெரி பழுத்தால் கறுப்புக் கரடி மரமேறிவிடும்.

ஆனாலும் இங்கே கதாநாயகன் ஹங்குல். குளிர்காலத்தில் ஓடையை ஒட்டிய தாழ்ந்த காட்டுக்கு வரும் இந்த மான், பனி உருகியதும் மேலே புல்வெளிக்கு ஏற வேண்டும். 1940-களில் ஆயிரக்கணக்கில் இருந்தது, 2004 கணக்கெடுப்பில் 197 ஆகச் சுருங்கியது, 2023-ல் 289.

மேலே ஏறுவதில்தான் சிக்கல். கோடையில் அந்தப் புல்வெளிகளுக்கு ஆட்டு மந்தைகளும் காவல் நாய்களும் வந்துவிடுகின்றன. மான் ஒதுங்குகிறது. மேய்ப்பர்களான குஜ்ஜர், பக்கர்வால் மக்களுக்கோ இது தலைமுறைப் பிழைப்பு. ஏற்கெனவே பத்து ஊரை எழுப்பிய மலையில், இவர்களையும் எழுந்து போகச் சொல்வது அத்தனை எளிதல்ல.

கணக்கெடுப்பு மார்ச் வாக்கில், மான்கள் கீழே இருக்கும்போது நடக்கிறது. மொத்தத்தைவிட முக்கியமான வரி ஒன்று அதில் உண்டு: நூறு பெண் மானுக்கு எத்தனை குட்டி என்பது. அந்த எண் இன்னும் குறைவாகவே இருக்கிறது.