நாணயமும் நம்பிக்கையும்



பணம் என்றால் என்ன? பொருளியல் நூல்கள் இக்கேள்விக்கு ஓரிரு வரிகளில் விடை கூறிவிடும். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரோவோ நகரத்துப் புதுமணத் தம்பதியர் இருவர், இதே கேள்விக்கு வாழ்ந்து காட்டி விடை காண முற்பட்டனர். ஏறத்தாழ மூன்று மாத காலம் டாலரைத் தொடாமல், பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தை மட்டுமே கொண்டு வாழ்வது, அவ்வாழ்வை ஆவணப்படமாக எடுப்பது என்பதே அவர்கள் மேற்கொண்ட நோன்பு.

பிட்காயினை அறியாதவர்க்காகச் சில சொற்கள். 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இதன் திட்டம் வெளியாயிற்று. 2009 சனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. இதை அச்சிடும் அரசு இல்லை. காக்கும் வங்கியும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு ஒரு பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அதில் புதியதோர் ஏடு சேர்கிறது. மொத்த நாணயங்கள் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டா என்பது இதன் விதி.

வகுப்பறையில் நான் பணத்தின் தொழில்கள் மூன்று என்று கரும்பலகையில் எழுதுவது வழக்கம். பரிமாற்றக் கருவியாக இருத்தல், மதிப்பின் அளவுகோலாக இருத்தல், மதிப்பைச் சேமித்து வைக்கும் கலமாக இருத்தல் என்பன அவை. இம்மூன்றையும் கொண்டே இச்சோதனையை எடைபோடுவோம்.

முதலாவது, பரிமாற்றம். தம்பதியர் வீட்டு வாடகை, உணவு, பெட்ரோல் என ஒவ்வொன்றுக்கும் எதிரிலுள்ளவரை இணங்கவைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாரம் இவ்வாறே வாழ்ந்து பார்த்தார் கஷ்மீர் ஹில் என்னும் பத்திரிகையாளர். வீட்டுக்காரர் பிட்காயினை வாங்காமையால் அவர் வேறிடத்தில் தங்க நேர்ந்தது. கடைக்காரர் ஏன் தயங்குகிறார்? அவர் சரக்கு வாங்கும் மொத்த வணிகர் டாலர் கேட்கிறார். அரசும் வரியை டாலரிலேயே கேட்கிறது. சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் மாறினால் பயனில்லை. அதனால் பிட்காயினை ஏற்ற கடைகளிற் பலவும் இடையிலுள்ள நிறுவனங்கள் வழியாக அதனை உடனே டாலராக மாற்றிக்கொண்டன. ஆணையிட்டாலும் இச்சங்கிலி எளிதில் மாறுவதில்லை. எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. ஆயின் 2025 சனவரியில் சட்டத்தைத் திருத்தி, ஏற்பதும் மறுப்பதும் வணிகர் விருப்பம் என்று விட்டுவிட்டது.

இரண்டாவது, அளவுகோல். 2013 சூலைத் தொடக்கத்தில் ஒரு பிட்காயினின் விலை 100 டாலருக்கும் குறைவு. நவம்பர் இறுதியில் அது 1,000 டாலரைக் கடந்தது. நாள்தோறும் நீளம் மாறும் முழக்கோலைக் கொண்டு துணி அளக்க இயலுமா? எனவேதான் விலைச்சீட்டு டாலரிலேயே எழுதப்பட்டது. கொடுக்கும் நேரத்தில் மட்டும் அது பிட்காயினாகக் கணக்கிடப்பட்டது.

மூன்றாவது, சேமிப்பு. 2010 மே 22-இல் ஒருவர் இரண்டு பீட்சாக்களுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். இன்று அது பெருஞ்செல்வம். விலை ஏறும் என்று எண்ணுபவன் செலவிடமாட்டான். இறங்கும் என்று அஞ்சுபவன் வாங்கமாட்டான். மேலும், 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பரிமாற்ற நிறுவனம் நொடித்தபோது, ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிட்காயின்கள் காணாமற்போயின என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதியே கிடைத்தது. தானே வைத்துக் காப்பவனும் மறைக்குறியைத் தொலைத்தால், முறையிட ஓர் அலுவலகம் இல்லை.

ஆயினும் இதன் சிறப்பையும் கூறவேண்டும். அத்தம்பதியர் ஸ்டாக்ஹோம், பெர்லின், சிங்கப்பூர் ஆகிய நகரங்களுக்கும் சென்றனர். எல்லைதோறும் நாணயத்தை மாற்ற வேண்டாத ஒரு பணம் என்பது சிறிய செய்தியன்று. வங்கிக்கு எட்டாத ஒருவர் தொலைநாட்டிலுள்ள உறவினருக்குப் பொருள் அனுப்பவும் அது உதவக்கூடும்.

இத்தகைய படங்களைக் காணும் மாணவர் இரண்டு கேள்விகளை மனத்திற் கொள்ளுதல் நலம். படத்திற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இப்படத்திற்காகப் பொதுமக்களிடம் திரட்டிய தொகை 70,000 டாலருக்கு மேல்; அது டாலர் என்பதை நினைவிற் கொள்க. அடுத்து, கேமரா இல்லாத ஏழை ஒருவன் இவ்வாறு வாழ்ந்திருக்க முடியுமா? படம் எடுப்பவரிடம் பலரும் பரிவு காட்டுவர். மாதக் கடைசியில் அரிசி வாங்க வருபவனிடம் அப்பரிவு கிட்டும் என்பதற்கு உறுதியில்லை.

இங்கேதான் ஆவணப்படத்தின் பயன் விளங்குகிறது. வழக்கமான பணத்தை ஒதுக்கிவைத்தவுடன், நாள்தோறும் நாம் எத்தனை பேருடைய இசைவினால் வாழ்கிறோம் என்பது புலனாகிறது. எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொண்ட கடைக்காரரைவிட, ‘வேண்டாம்’ என்று மறுத்தவரே நமக்குப் பெரும் பாடம் கற்பிக்கிறார்.

நீங்களும் ஒருநாள் உங்கள் செலவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். பேருந்து நடத்துநர், காய்கறி விற்பவர், புத்தகக் கடைக்காரர் ஆகிய ஒவ்வொருவரும் நீங்கள் நீட்டிய தாளை ஏன் தயங்காமல் வாங்கினார் என்று சிந்தியுங்கள். அடுத்தவரும் அதை வாங்குவார் என்ற நம்பிக்கையால் அன்றோ! விரைவில் செல்வராகலாம் என்று எவரேனும் புதிய நாணயம் ஒன்றை உங்களிடம் நீட்டும்போது, இந்தச் சிந்தனை உங்களுக்குத் துணைநிற்கும். தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னது செல்லுபடியாவதற்குப் பின்னது வேண்டும்.