சித்திரக் கதையிலே திணை மயக்கம்

சித்திரக் கதை சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயின் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அது முதிர்ந்தோர் படிக்கும் இலக்கிய வடிவமாக வளர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. கொள்ளைக் கும்பல்களைப் பற்றிய இருட்கதை அதன் ஒரு பிரிவு. பெரிய பதிப்பகங்களைச் சாராமல், கதையின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு எழுதுவோரும் வரைவோரும் இப்பிரிவில் பலர். அவர்கள் குற்றக் கதையோடு பேய்க்கதையையோ விஞ்ஞானக் கற்பனையையோ கலந்து புதுமை காண விழைகின்றனர். அக்கலப்பு எப்போது பொருந்தும், எப்போது கெடும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ‘கும்பல் இருட்கதை’ என்பதே ஒரு கலப்புத்தான். கும்பல் கதை, பேராசை கொண்ட ஒருவன் உயர்ந்து பின் வீழ்வதைக் கூறுவது. 1931-இல் வந்த ‘லிட்டில் சீசர்’, 1932-இல் வந்த ‘ஸ்கார்பேஸ்’ ஆகிய திரைப்படங்கள் அதற்கு வழி வகுத்தன. இருட்கதையோ, ஒருவன் தான் செய்த ஒரு தவற்றினின்றும் மீள இயலாமல் சிக்குவதைக் கூறுவது. 1946-இல் நினோ பிராங்க் என்னும் பிரெஞ்சு விமரிசகர் இத்தகைய அமெரிக்கப் படங்களை ‘பிலிம் நுவார்’ என்று குறித்தார். நுவார் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்பது பொருள். இப்படங்களின் கதை அமெரிக்கத் துப்பறியும் நாவல்களிலிருந்து வந்தது. அவற்றின் ஆழ்ந்த நிழலோ ஜெர்மானியத் திரைப்படக் கலையிலிருந்து வந்தது. ஆகவே, கலப்பினால் தூய்மை கெடும் என்ற வாதம் இங்கு எழவே வழியில்லை.

அவ்வாறாயின் எல்லை யாது? தமிழாசிரியர்கள் நன்கறிந்த ஒரு விதி இதனை விளக்கப் பெரிதும் உதவும். முதல், கரு, உரி என்று பொருளைப் பகுத்த தொல்காப்பியர், உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்றார். இந்த அளவுகோலை நம் பொருளுக்கு வைத்துப் பார்ப்போம். நகரமும் நள்ளிரவும் முதற்பொருள். துப்பாக்கி, மோட்டார் வண்டி, மதுக்கடை, கறுப்புப் பணம் ஆகியவை கருப்பொருள். செய்த வினையினின்றும் தப்ப முடியாது என்ற உணர்வே உரிப்பொருள். முன்னவை இரண்டும் எவ்வளவு மயங்கினும் தீங்கில்லை. பின்னது மயங்கினால் கதை இறந்துபடும்.

முதற் சான்று, மாக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுதி, ரிச்சர்ட் பியர்ஸ் ரெய்னர் வரைந்த ‘ரோட் டு பெர்டிஷன்’. இது 1998-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளைப் பதிப்பாக வந்தது, தனிமுயற்சி அன்று. எனினும் கலப்புக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1970 முதல் 1976 வரை ஜப்பானில் வெளிவந்த ‘லோன் வுல்ப் அண்ட் கப்’ என்னும் சாமுராய்ச் சித்திரக் கதையில், தலைவனுக்கு ஊழியம் செய்த வாள்வீரன் ஒருவன் மனைவியை இழந்து, சிறு மகனுடன் அலைகிறான். காலின்ஸ் அந்தத் தந்தையையும் மகனையும் 1930-ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் கும்பல் உலகிற்குக் கொண்டுவந்தார். வாள் துப்பாக்கி ஆயிற்று. தள்ளுவண்டி மோட்டார் வண்டி ஆயிற்று. தலைவனுக்குக் காட்டிய விசுவாசமே குடும்பத்தை அழித்தது என்னும் துயரம் மட்டும் மாறவில்லை.

இரண்டாவது சான்று முழுமையான தனிமுயற்சி. டேவிட் லேப்பம் என்பார் 1995-இல் தம் மனைவியோடு சேர்ந்து சொந்தமாக வெளியிடத் தொடங்கிய ‘ஸ்ட்ரே புல்லட்ஸ்’ அது. இத்தலைப்பு இலக்குத் தவறிய குண்டுகளைக் குறிப்பது. கறுப்பு வெள்ளைப் படங்கள்; பெரும்பாலும் பக்கத்திற்கு 8 கட்டங்கள். கறுப்பு மையால் மட்டும் அச்சிடுவது செலவைக் குறைக்கும். இருட்கதைக்கு அதுவே அழகும் ஆயிற்று. இக்கதையில் வர்ஜீனியா என்னும் சிறுமி ஒரு கொலையைக் கண்ணால் காண்கிறாள். பின்னர் ‘ஏமி ரேஸ்கார்’ என்னும் கொள்ளைக்காரியைப் படைத்துக் கற்பனைக் கதைகள் புனைகிறாள். குற்றக் கதைக்குள் விஞ்ஞானக் கற்பனை நுழைவது இங்ஙனமே. அது வாசகரை மகிழ்விக்க ஒட்டிய ஒட்டன்று. குழந்தையால் நேரே சொல்ல முடியாத அச்சத்தை அக்கற்பனை சொல்கிறது.

மூன்றாவது, எட் புரூபேக்கர் எழுத, ஷான் பிலிப்ஸ் வரைந்து, 2012 முதல் 2014 வரை 24 இதழ்களாக வந்த ‘பட்டால்’. இதனை வெளியிட்ட இமேஜ் நிறுவனம், படைப்பாளர்க்கே உரிமையை விட்டுவிடுவது. ஆடவரை மயக்கி அழிக்கும் பெண் பழைய இருட்படங்களின் வழக்கமான பாத்திரம். அவள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று அப்படங்கள் பெரும்பாலும் கேட்கவில்லை. இந்நூலின் நாயகி ஜோசபீன் மூப்படையாதவள். அவளைக் கண்ட ஆடவர் அறிவிழந்து அழிகின்றனர். அந்த ஆற்றல் அவளுக்கு வரமன்று, சாபம். பேய்க்கதையின் சாபம், இருட்கதை கேட்க மறந்த கேள்வியைக் கேட்கிறது.

மூன்று சான்றுகளிலும் ஒரே இலக்கணம் புலனாகும். வந்து சேரும் இரண்டாவது வகை, முதல் வகையின் துயரை ஆழப்படுத்துகிறது. அதற்கு மாற்று மருந்தாக வரவில்லை. இதற்கு மாறாக, கொலை செய்தவனை இறுதிப் பக்கத்தில் ஒரு மந்திரமோ இயந்திரமோ காப்பாற்றிவிட்டால் என்ன நேரும்? வினைக்குப் பயனில்லை என்றாகும். அதன்பின் எஞ்சுவது துப்பாக்கியின் கவர்ச்சி ஒன்றே. இளைஞர் கையில் போய்ச் சேரும் நூலுக்கு இது சிறு குறையன்று. பெரிய நிறுவனத்தில் தடுத்துக் கூறப் பதிப்பாசிரியர் இருப்பார். தனித்து நிற்கும் படைப்பாளி தன்னைத் தானே தடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கலந்த பொருளை நீக்கிவிட்டுக் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கலாம். துயரம் சற்றும் குறையவில்லையானால், கலப்பு வெறும் அணி. துயரமே இல்லாமற் போயிற்றென்றால், குற்றக் கதை பெயரளவில்தான் இருந்தது. துயரம் நிற்க, அதன் காரணம் மட்டும் மங்கிற்றென்றால், கலப்பு செவ்வனே அமைந்தது.

படம் வரையும் ஆர்வமுள்ள மாணவர் இன்று நம் வகுப்புகளில் உளர். அவர்கள் இத்தகைய கதையொன்றைக் கொண்டுவந்து காட்டும்போது, ‘இது என்ன வகை?’ என்று கேட்பதினும், ‘இதன் உரிப்பொருள் யாது?’ என்று கேட்பதே பயன் தரும்.