அலுமாரிக்குள் கிடந்த கை

புத்தூர்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற ஓர் அண்ணையைப் பார்க்கப் போயிருந்தேன். வெங்காய விலை பற்றி எழுதுவதுதான் நோக்கம். 2009இல் மாத்தளனில் விழுந்த எறிகணையொன்று அவருடைய இடது கையை முழங்கைக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. பேச்சோடு பேச்சாக, செயற்கைக் கை எடுக்கவில்லையா என்று கேட்டேன். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்த கையை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"கை நல்ல கை, தங்கச்சி. இந்தக் கேபிள்தான் அறுந்து போச்சு. நாலு வருஷமாக் கிடக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. செயற்கை அவயவங்கள் வழங்கும் நிகழ்வுகளைப் பற்றி நானும் செய்தி எழுதியிருக்கிறேன். யார் வழங்கினார்கள், எத்தனை பேருக்கு வழங்கினார்கள் என்று எழுதி, ஒரு படமும் போடுவோம். கொடுத்த கை பிறகு என்ன ஆனது என்று திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

எங்கள் மண்ணில் செயற்கை அவயவம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கால்தான். மிதிவெடி அப்படிப் பழக்கிவிட்டது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய கால், 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தின் மூலம் இங்கே வீட்டுப் பெயராகிவிட்டது. கையைப் பற்றிய பேச்சு குறைவு. காலில் பாரம் ஏற்றி நடக்கலாம். கையோ திறக்க வேண்டும், மூட வேண்டும், பிடித்ததை விட வேண்டும். அதனால் பழுதாகக்கூடிய இடங்களும் கூட.

அந்த அண்ணையின் கையில் பற்றரி இல்லை, மோட்டாரும் இல்லை. நுனியில் இருப்பது இரண்டு விரல் கொண்ட உலோகக் கொக்கி. அமெரிக்காவில் மர ஆலை விபத்தொன்றில் கை இழந்த டொரன்ஸ் என்பவர் 1912இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. ஒரு விரல் அசையாது, மற்றது அசையும். அடியில் மாட்டியிருக்கும் றப்பர் வளையங்கள் இரண்டையும் மூடி வைத்திருக்கும். கேபிள் இழுபட்டால் விரல் திறக்கும், விட்டால் றப்பர் மூடும்.

கேபிளை இழுப்பது உடம்புதான். ஒரு பட்டி நல்ல கையின் கமக்கட்டைச் சுற்றி, முதுகில் ஒரு வளையத்தில் சந்தித்து, மற்றப் பக்கம் கேபிளோடு இணைகிறது. இழந்த கையை முன்னால் நீட்டினாலோ, இரண்டு தோள்களையும் முன்னுக்குக் குவித்தாலோ முதுகுப் பக்கத்துத் தூரம் கூடும். அந்தத் தூரம்தான் கேபிளின் இழுவை.

சைக்கிள் பிறேக் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உறைக்குள் ஓடும் கம்பி, உறை அசையாமல் நிற்க உள்ளே கம்பி மட்டும் நகர்வது: இரண்டிலும் ஒரே ஏற்பாடு. 1896இல் காப்புரிமை பெற்ற பௌடனின் பெயரால் அழைக்கப்படும் கேபிள் இது. எரிபொருள் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளோடு வாழ்ந்த குடாநாட்டுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் ஒரு விடயத்தை நாங்கள் யோசிப்பதில்லை. கேபிளுக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. திரும்பி வர எதிர்ப்பக்கத்தில் வேறொன்று வேண்டும். பிறேக்கில் அது ஸ்பிரிங், கொக்கியில் றப்பர். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வைத்திருக்கும் வீட்டு வாகனத்தை வீடியோவில் காட்டினார். நிறுத்தியபின் சுவரோடு ஓர் அறை வெளியே நீள்கிறது. அதுவும் கேபிளில்தான் ஓடுகிறது: வெளியே இழுக்க ஒரு தொகுதி, உள்ளே இழுக்க இன்னொன்று. ஒரு மூலை தளர்ந்தால் அறை கோணலாகிவிடும். அதைச் சரிசெய்யும்போது எதிர்க் கேபிளைத் தளர்த்தாமல் ஒன்றை மட்டும் முறுக்கக்கூடாதாம், முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து அறுக்குமாம். வீடுகளை விட்டு ஓடிய சனம் நாங்கள், வீட்டையே இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறார்கள் என்று சிரித்தேன். ஆனால் அவர் சொன்ன விதி கொக்கிக்கும் பொருந்தும். ஒரு பக்கத்தை இறுக்கினால் மற்றப் பக்கம் அதற்கு விலை கொடுக்கும்.

அண்ணையோடு செயற்கை அவயவப் பட்டறைக்கு நானும் போனேன். பட்டறைத் தம்பி முதலில் பார்த்தது கேபிள் அறுந்த இடத்தை. உறைக்குள் நுழையும் வாயில்தான் அறுந்திருந்தது. அநேகமாக அங்கே, அல்லது கொக்கியோடு இணையும் முனையில்தான் அறும் என்றார். நடுவில் அறுவது அபூர்வம். வளைந்து நிமிரும் இடத்தில் ஓர் இழை முதலில் போகும், பிறகு மற்ற இழைகள். அண்ணை அந்த இழை குத்துகிறதென்று கறுப்பு ரேப் சுற்றியிருந்தார். இறுகியபோது தேங்காய் எண்ணெயும் விட்டிருந்தார்.

"சைக்கிளுக்கு விடுறதுதானே எண்டு விட்டன்."

அது சின்னப் பிழையல்ல. புத்தூர்ச் செம்மண் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். இந்தக் கேபிள்கள் பலவற்றில் உறைக்குள் வழுக்கும் பிளாஸ்ரிக் பூச்சு இருக்கிறது, அதற்கு எண்ணெய் தேவையே இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். துடைக்கும்போதே பரிசோதனையும் நடக்கும்: துணி எங்காவது மாட்டினால் அங்கே ஓர் இழை போயிருக்கிறது. ஓர் இழை போனாலே பட்டறைக்குப் போக வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டிவிடுவது சரியல்ல. மரக்கறி மூட்டையைப் பிடித்திருக்கும்போது அறுந்தால் கொக்கி மூடியபடியே நிற்கும், கையை விடுவிக்க முடியாது.

வீட்டில் மாற்ற முடியாதா என்று கேட்டேன். கேபிள் நுனியில் ஒரு உலோக முடிச்சு இருக்கிறது. அதை அழுத்திப் பொருத்தக் கருவி வேண்டும். நீளமும் உடம்பில் வைத்துத்தான் அளக்க வேண்டும். சைக்கிள் பிறேக் கேபிளையே பயன்படுத்தும் மலிவான கை வடிவங்கள் உலகில் உண்டு, ஆனால் அவை அதற்கென்றே வடிவமைத்தவை.

பட்டியைச் சரிசெய்வதுதான் நான் எதிர்பார்க்காத அளவு நுணுக்கமான வேலை. முழங்கைக்குக் கீழே இழந்தவருக்குக் கொக்கி முழுதாகத் திறக்கக் கேபிள் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நகர வேண்டும். பட்டி 2 சென்ரிமீற்றர் தளர்ந்திருந்தால் தோளின் முதல் 2 சென்ரிமீற்றர் அசைவு தளர்வை இழுப்பதிலேயே போய்விடும். அதற்காக வில்போல இறுக்கவும் கூடாது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கேபிளில் இழுவை இருக்கக்கூடாது, தொய்வும் தெரியக்கூடாது. அதிகம் இறுக்கினால் எட்டி ஒன்றை எடுக்கும்போது கொக்கி தானாகத் திறந்து பிடித்ததை விட்டுவிடும்.

முழங்கைக்கு மேலே இழந்தவர்களுக்குக் கணக்கு இன்னும் கடினம். அதே கேபிள் முதலில் முழங்கையை மடக்கி, அதைப் பூட்டியபின் கொக்கியைத் திறக்க வேண்டும். ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் அசைவு தேவை. பூட்டுக்குத் தனியாக இன்னொரு கேபிள். அந்த வகைக் கையைப் பாவிப்பவர்கள் வீட்டில் பட்டியைத் தொடாமலிருப்பது நல்லது.

மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பட்டியைச் சவர்க்காரத்தில் கழுவக் கழற்றுமுன், பக்கிள் நிற்கும் இடத்தில் மாக்கர் பேனையால் ஒரு கோடு போடுங்கள். நிழலில் காயவிட்டு, அதே கோட்டில் மாட்டுங்கள். முதுகு வளையம் நடுவில், நல்ல கைப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும்.

இப்போது றப்பர். ஒவ்வொரு வளையமும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பிடியைத் தரும். பிடி போதவில்லையென்று கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். கூட்டும் ஒவ்வொரு வளையத்தையும் எதிர்த்துத்தான் தோள் இழுக்க வேண்டும், கேபிளும் அந்தப் பாரத்தில்தான் தேயும். அதைவிட முக்கியமானது கமக்கட்டு. பட்டி அங்கே அழுத்தி நரம்பை நெருக்கினால் நல்ல கை விறைக்கத் தொடங்கும். இருப்பது ஒரு கை. அது விறைத்தாலோ விரல்கள் மரத்தாலோ பட்டியைக் கழற்றிவிட்டு உடனே போய்க் காட்டுங்கள். வெயிலில் வெடித்த றப்பரை மாற்ற வேண்டும், ஆனால் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட வேண்டாம். அதன் இழுவை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

புதுக் கேபிள் பூட்ட அரை மணித்தியாலமும் ஆகவில்லை. அதற்காக நான்கு வருடம்! அண்ணையிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஒருநாள் வேலை கெடும், கேபிளுக்கு மட்டும் போனால் ஏசுவார்களோ என்றும் நினைத்தாராம். பட்டறைத் தம்பி தலையில் கைவைத்தார். கேபிள் தேய்வது சைக்கிள் ரயர் தேய்வதுபோல, யார் ஏசப்போகிறார்கள் என்றார்.

பிறகு மூன்று சோதனை. முழங்கையை மடித்து நேராக நீட்டியபடி திறக்கச் சொன்னார்: முழுதாகத் திறந்தது. இடுப்புக்குக் கீழே, காற்சட்டைப் பொத்தான் அருகே: திறந்தது. வாயருகே: பாதிதான். தோள் ஏற்கெனவே செலவாகிவிடுவதால் வாயருகேதான் கடினம். உறையைப் பிடித்திருக்கும் கொளுவியைச் சற்று நகர்த்தி, வளைவைக் குறைத்துவிட்டு, திரும்பச் செய்யச் சொன்னார். முக்கால்வாசி திறந்தது.

"இப்போதைக்கு இவ்வளவுதான் அண்ணை. தோள் நாலு வருஷம் சும்மா இருந்திட்டுது."

பத்து நாள் கழித்து அண்ணை தொலைபேசியில் அழைத்தார். வெங்காயப் பிடி கட்டக் கொக்கி உதவுகிறதாம், ஆனால் தார் வழுக்குகிறதாம். இன்னொரு றப்பர் போடட்டுமா என்று கேட்டார். நானாகப் பதில் சொல்லாமல் பட்டறைத் தம்பியிடம் கேட்டுச் சொன்னேன்: இரண்டு கிழமை பொறுத்து, கையோடு வரட்டாம்.