திருச்சானூரில் இரண்டு கார்த்திகை

நம் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். நான் பண்டிதன் அல்லன். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகத் திருச்சானூர் வந்து, நாற்பது வருஷமாக மளிகையும் பூஜைச் சாமானும் விற்கிறவன். எனக்குப் பஞ்சாங்கம் சொல்லிக் கொடுத்தது கடைதான். எந்த விரதம் என்றைக்கு வருகிறது என்று தெரியாவிட்டால் மஞ்சளும் சரடும் தேங்காயும் காலத்தில் வாங்கி வைக்க முடியாது. சரக்கு தேங்கி நஷ்டப்பட்ட பிறகுதான் கணக்கைப் படிக்க உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் தமிழர் வீட்டுச் சுவரில் பெரும்பாலும் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று வேலூரிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வந்த தமிழ்க் காலண்டர். மற்றது தெலுங்கு. 2025ஆம் ஆண்டில் உகாதி மார்ச் 30. நம் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. புத்தாண்டு இரண்டு வந்தால் பாயசம் இரண்டு தரம், அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களில் இந்த வித்தியாசம் விளையாட்டு அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சூரியன் கணக்கும் சந்திரன் கணக்கும்

தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடப்பது. சூரியன் மேஷ ராசியில் நுழைந்தால் சித்திரை, விருச்சிகத்தில் நுழைந்தால் கார்த்திகை, தனுசில் நுழைந்தால் மார்கழி. இதைச் சௌரமானம் என்பார்கள். அஸ்தமனத்துக்கு முன்னால் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் நுழைந்தால் மறுநாள். சில ராசியைச் சூரியன் மெதுவாகவும் சிலதை வேகமாகவும் கடப்பதால்தான் ஆனிக்கு 32 நாள் வரைக்கும் வருகிறது, மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது.

தெலுங்கு மாதம் சந்திரனைப் பார்த்து நடப்பது. ஒரு அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடியும். இது சாந்திரமானம். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள். சூரிய வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைவு. அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து சுமார் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு மாதம் அதிகப்படியாக வரும். அதுதான் அதிக மாசம். 2023இல் அதிக சிராவணம் வந்ததால் அதற்குப் பின் வந்த பண்டிகைகள் எல்லாம் தள்ளிப் போயின. அந்த வருஷம் வரலக்ஷ்மி நோன்பு ஆகஸ்ட் 25, நமக்கு ஆவணி. மறு வருஷம் ஆகஸ்ட் 16, ஆடி கடைசி நாள். நோன்பு பௌர்ணமிக்கு முந்தின வெள்ளியைப் பிடித்துக்கொண்டு சந்திரனோடு போகிறது. மாதப் பெயர்தான் மாறுகிறது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. நாம் 'கார்த்திகை' என்கிறோம், அவர்கள் 'கார்த்தீகம்' என்கிறார்கள். பெயர் ஒன்று, மாதம் ஒன்றல்ல. அவர்களுக்குத் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கார்த்தீகம் தொடங்கிவிடும். அப்போது நமக்கு ஐப்பசிதான் நடந்துகொண்டிருக்கும்.

பஞ்சமி தீர்த்தம் சொல்லும் பாடம்

பத்மாவதித் தாயார் கார்த்திகை மாதம் வளர்பிறைப் பஞ்சமியில், உத்திராட நட்சத்திரத்தில், இங்குள்ள குளத்துத் தாமரையில் தோன்றினார் என்பது தல வரலாறு. ஒன்பது நாள் பிரம்மோற்சவத்தின் கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். அன்று திருமலையிலிருந்து பட்டும் மஞ்சளும் குங்குமமும் சீராக வரும். சக்கரத்தாழ்வார் நீராடும்போது குளத்தில் எள் போட இடம் இருக்காது. எனக்கும் அது பெரிய வியாபார நாள்.

2023இல் நாகுல சவிதி நவம்பர் 17. மறுநாள் 18ஆம் தேதி பஞ்சமி தீர்த்தம். 2024இல் நாகுல சவிதி நவம்பர் 5. "மறுநாள்தானே பஞ்சமி, கோயிலில் ஏன் ஒன்றும் இல்லை?" என்று பக்கத்துக் கடைத் தெலுங்குக்காரர் என்னைக் கேட்டார். கோயிலில் பஞ்சமி தீர்த்தம் டிசம்பர் 6ஆம் தேதி நடந்தது. ஒரு மாத வித்தியாசம்!

நான் குறித்து வைத்த தேதிகளை எடுத்துப் பார்த்தேன். 2022இல் நவம்பர் 28, 2023இல் நவம்பர் 18, 2024இல் டிசம்பர் 6, 2025இல் நவம்பர் 25. எல்லாமே நம் தமிழ்க் கார்த்திகைக்குள் விழுகின்றன. ஆக, தெலுங்கு நாட்டின் நடுவிலிருக்கும் இந்தக் கோயிலில் இந்த உற்சவத்துக்கு மாதம் சூரியன் கணக்கு, திதி சந்திரன் கணக்கு. இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. பஞ்சமி திதியில் சந்திரன் சூரியனுக்கு 48 முதல் 60 பாகை முன்னால் நிற்கும். சூரியன் விருச்சிகத்தில் இருந்தால்தான் அன்றைய சந்திரன் உத்திராடத்தை ஒட்டி வரும். துலா மாதப் பஞ்சமியில் கேட்டை, மூலம் பக்கம் நின்றுவிடும்.

திருமலையிலும் அப்படியே. தனுர் மாதம் முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கிறதே, அந்த மாதம் நம் மார்கழிதான். வைகுண்ட ஏகாதசியும் மார்கழி வளர்பிறை ஏகாதசி. 2023இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு வந்தன. 2024இல் ஒன்றுகூட இல்லை, 2025 ஜனவரி 10இல்தான் வந்தது. இங்கிலீஷ் காலண்டரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

ஒரு திவசம் தப்பின கதை

என் கடைக்கு வாடிக்கையாக வரும் தமிழ் அன்பர் ஒருவர். அவருடைய தாயார் 2021 டிசம்பர் 10இல் காலமானார். தமிழ் முறையில் கார்த்திகை மாதம், வளர்பிறைச் சப்தமி. மறு வருஷம் இங்குள்ள தெலுங்குப் புரோகிதரிடம் "கார்த்திகை சுத்த சப்தமி" என்று சொன்னார். அவர் தம் கணக்கில் அக்டோபர் 31 என்றார். முதல் வருஷத் திவசமே ஒரு மாதம் முன்னால் நடந்துவிட்டது. நியாயமாக நவம்பர் கடைசியில் வரவேண்டியது. 2023இல் அதிக மாசத்தால் இரண்டு கணக்கும் நவம்பர் 19இல் ஒன்று சேர்ந்தன, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2024இல் மறுபடி நவம்பர் 8. ஊரிலிருந்து வந்த பெரியம்மா, "ஏன்டாப்பா, கார்த்திகையே பிறக்கலியே, அதுக்குள்ள திவசமா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வருஷம் சரியான நாள் டிசம்பர் 7.

புரோகிதர் மேல் தப்பில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னார். எங்கள் சமயத்தில் பிண்டம் வைக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் கடை பெஞ்சில் உட்கார்ந்து "அம்மாவுக்கு நாள் மாத்திச் சோறு போட்டுட்டேனே" என்று அவர் கண் கலங்கினபோது எனக்கும் மனசு ஆறவில்லை. இதை நாலு பேருக்குச் சொல்லவேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

எந்த வேளையில் திதி?

ஒரு திதி சுமார் 19 மணி முதல் 26 மணி நேரம் வரை இருக்கும். அதனால் ஒரே திதி இரண்டு நாளில் படும். அப்போது வேளையைப் பார்க்கவேண்டும். பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்கவேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரோதயம். தர்ப்பணத்துக்கும் திவசத்துக்கும் பிற்பகல். ஏகாதசியில், சூரியோதயத்துக்கு நாலு நாழிகை முன்பு தசமி ஒட்டியிருந்தால் வைஷ்ணவர்கள் மறுநாள் உபவாசம் இருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு நாள் ஏகாதசி வருவது இதனால்தான். போதாததற்கு வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் என்று இரண்டு. இவற்றில் திதி முடியும் நேரம் சில நாழிகை முன்பின் இருக்கும்.

எங்கள் நோன்புகளும் திதி வழிதான். அஷ்டமி, சதுர்த்தசி உபவாச நாட்கள். விநாயக சதுர்த்திக்கு மறுநாள் பஞ்சமியில் எங்கள் தசலட்சண நோன்பு ஆரம்பம். தீபாவளி எங்களுக்கு மகாவீரர் முக்தி பெற்ற நாள். நீங்கள் விளக்கேற்றும் நேரத்தில் நான் சாப்பாட்டை முடித்திருப்பேன், சூரியன் அஸ்தமித்த பின் எங்களுக்கு உணவு கிடையாது. வழி வேறானாலும் வானத்தில் பார்க்கிற சந்திரன் ஒன்றே.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது சுருக்கம். வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். முன்னோர் திதியை எழுதும்போது தமிழ் மாதம், பிறை, திதி, இங்கிலீஷ் தேதி, தெலுங்கு மாதம் ஐந்தையும் எழுதுங்கள். புரோகிதரிடம் "சௌரமானம், விருச்சிக மாதம்" என்று ராசிப் பெயரோடு சொல்லுங்கள், குழப்பமே வராது. ஒரே தமிழ் மாதத்தில் ஒரு திதி இரண்டு தரம் வந்தால் எதைக் கொள்வது என்பதைக் குடும்ப வாத்தியாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். பெரியம்மாக்கள் எப்போதும் நம்மோடு இருக்கப் போவதில்லை.