விலை போடும் கையும் வேலை செய்யும் கையும்

கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சிப் பக்கத்து ஜாப் ஆர்டர் பட்டறைகளில் இப்போது ஒரே பேச்சு: “என்கொயரி வருதுங்க, கொட்டேஷன் போடத்தான் ஆளில்லை.” முதலாளி உடனே தளத்தில் நிற்கும் கைதேர்ந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, டிராயிங் கட்டோடு அலுவலக அறையில் உட்கார வைக்கிறார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அனுப்பும் கொட்டேஷன் எல்லாம் ஆர்டராக மாறுவதில்லை. பல பேர் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவே கேட்கிறார்கள். அதற்காக சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கணக்குப் போட, கையிலிருக்கும் ஆர்டரில் ஃபிக்சர் சரியாக அமையாமல் பீஸ் ரிஜெக்ட் ஆகிறது, டெலிவரி தள்ளிப்போகிறது.

கணினி தெரிந்த பட்டதாரியைத் தனியாக அமர்த்தினால்? மெட்டீரியல் கணக்கு பிசகாது. இரும்பு ராடின் விட்டத்தை மி.மீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும், 50 மி.மீ. ராடு சுமார் 15.4 கிலோ. நேரத்துக்கு அப்படி வாய்பாடு இல்லை. 3 மணி நேர செட்டிங்கை 100 பீஸில் பங்கிட்டால் பீஸுக்கு 2 நிமிடம்கூட வராது. 10 பீஸ் என்றால் 18 நிமிடம். அந்த 3 மணி 5 மணியாக இழுக்குமா, சுவர் மெலிந்த வார்ப்பு கிளாம்ப் இறுக்கத்தில் நெளியுமா என்பதெல்லாம் மெஷினில் நின்றவருக்கே தெரியும்.

விலை போடத் தனித்துறை இருந்தால்தான் சட்டென்று பதில் அனுப்ப முடியும் என்பாரும் உண்டு. பெரிய ஆலைக்கு அது பொருந்தும். 20 பேர் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த நேரக் கணக்கு முழுவதும் மூத்த ஃபோர்மேன்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள்; எழுதிவைத்த நோட்டு கிடையாது. பின்னால் வருபவர் குத்துமதிப்பாக விலை போடுவார். கூடினால் ஆர்டர் ராஜ்கோட்டுக்கோ புனேவுக்கோ போகும். குறைந்தால் கைநஷ்டம். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். குறைத்துப் போட்ட விலையை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

கொட்டேஷனுக்குக் காலையில் 2 மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மெஷினுக்கு ஒத்துவராத என்கொயரிக்கு அன்றே ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். விலை போட்டவரே முதல் பீஸ் தேறும்வரை மெஷின் பக்கத்தில் நிற்கட்டும். ஆர்டர் முடிந்ததும் போட்ட மணியையும் ஆன மணியையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஃபோர்மேன் பக்கத்தில் ஒரு டிப்ளமோ இளைஞரைச் சம்பளம் கொடுத்து இப்போதே உட்கார வையுங்கள். ஃபோர்மேன் ஓய்வுபெறும் மாதத்தில் ஆள் தேடினால் கற்றுக்கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.